மலையில் முதுமை: ஒரு முதியோர் இல்லத்தை எப்படி அறிவது?

வயதான பெற்றோரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "உம்மாவை இல்லத்தில் சேர்ப்பது தப்பில்லையா?" என்பது ஒன்று. "சேர்ப்பதென்றால் எந்த இல்லம் நல்லது?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான், ஒரு நாள் நெருக்கடி முற்றியதும், விசாரிக்காமல், போய்ப் பார்க்காமல், யாரோ சொன்ன இடத்தில் பெரியவரை விட்டுவிட்டு வருவது நடக்கிறது. ஒரு மாட்டை வாங்கக்கூட நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், பெற்றவரை ஒப்படைக்கும்போது அதைவிடக் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

லாப நோக்கமில்லாத ஒரு முதியோர் இல்லம் நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் எப்படி இயங்க வேண்டும், அங்கே தங்கியிருப்பவரின் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும், நாம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இல்லத்தில் பெரியவரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கும், இல்லம் நடத்துவோருக்கு நன்கொடை கொடுப்பவர்களுக்கும் இது பயன்படும்.

நீலகிரியில் இந்தத் தேவை ஏன் கூடுகிறது?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011இல் அது 7,35,394 ஆகக் குறைந்தது. பத்தாண்டுகளில் 26,747 பேர் குறைவு. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த பிறகு, பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கினார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். இறங்கியவர்கள் இளையவர்கள். தோட்டத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு மலையிலேயே நின்றவர்கள் பெரியவர்கள். அதே 2011 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, நாம் 'டேன்டீ' என்று அழைக்கும் நிறுவனமாக இயங்குகிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் அந்த மக்கள் கொழுந்து பறித்தே வயதானார்கள். எந்தத் தோட்டமானாலும் லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் அந்த வீட்டிலேயே ஒண்டிக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நிலையில், முதுமையில் தங்க இடம் எது என்பதே பெரிய கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது வீடுதான்

வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமானால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆகவே இல்லத்தைத் தேடுமுன், வீட்டுக்கு என்னென்ன உதவி வரும் என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும், வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய முன்மாதிரியும் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி, நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து, ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, தங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களை வாரந்தோறும் போய்ப் பார்க்கும் ஏற்பாடு வளர்ந்தது. மலப்புறம் மாவட்டத்தில் அது ஊர் ஊராகப் பரவியது. கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வருவது அதே மலப்புறம்தான். கூடலூரிலும், 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசி மக்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து ஊர்களுக்குள் அனுப்பிக் காட்டியது. ஒரு ஜமாஅத்தில் பத்துப் பேர் முன்வந்தால் இதை நம்மாலும் செய்ய முடியும்.

ஆனாலும் வீட்டில் முடியாத நிலை வரும். பகல் முழுதும் பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் தனியே இருக்கிறார். மறதி முற்றியவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே நடந்துவிடுகிறார். ஒருவரைத் தூக்கிப் புரட்ட இரண்டு பேர் வேண்டியிருக்க, வீட்டில் இருப்பது அவருடைய வயதான மனைவி மட்டும். இவை நம் வீடுகளில் காண்பவைதான். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, இப்படிப்பட்டவரை வீட்டிலேயே கவனிப்பாரற்று வைத்திருப்பதைப் பெற்றோர் பேணல் என்று சொல்லிவிட முடியாது. நல்ல இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டு வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பவர் பெற்றோரைக் கைவிட்டவர் ஆகமாட்டார். சேர்த்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் கைவிடுதல்.

மலை கேட்கும் தனிக் கவனம்

சமவெளி இல்லத்துக்குப் போதுமான ஏற்பாடு மலையில் போதாது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். நாட்பட்ட நுரையீரல் நோயோ இதயத் தளர்ச்சியோ உள்ளவரைச் சமவெளியிலிருந்து உதகைக்குக் கொண்டுவருமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கூடலூரின் உயரம் இதில் பாதிக்கும் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு அதுபோன்ற இடம் பொருத்தமாக இருக்கலாம்.

அடுத்தது குளிர். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும். வீட்டுக்குள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதானால் உடல் குளிரைச் சரியாக உணராது, நடுக்கமும் குறைந்துவிடும். "எனக்குக் குளிரவில்லை" என்று சொல்பவரின் கை சில்லிட்டிருக்கும். ஆகவே பணியாளர்கள் கேட்பதோடு நிற்காமல் தொட்டும் பார்க்க வேண்டும். இரவில் கம்பளிக் குல்லா, காலுறை, கனமான ஒரு போர்வைக்குப் பதில் இலேசான இரண்டு போர்வைகள், இரவு வெந்நீர் ஆகியவை செலவு குறைந்த ஏற்பாடுகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வது உயிரைப் பறிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே ஆள் போய்விடுவார். வெந்நீர்ப் பையிலும் கவனம் வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும். பையைத் துணியில் சுற்றி, படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

குளிரில் தாகம் எடுப்பதில்லை என்பதால் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். விளைவு, சிறுநீர்த் தொற்று. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் அதை "வயசாயிருச்சு" என்று விட்டுவிடக் கூடாது. தொற்று, மூச்சுக் கோளாறு, சர்க்கரைத் தாழ்வு என ஏதாவது ஒன்று இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சமையலறையையும் எட்டிப் பாருங்கள். உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் இறைச்சியும் வேக நேரம் பிடிக்கும். பல் இல்லாதவர்களுக்கு அரைவேக்காட்டு உணவு போனால் அது அப்படியே தட்டில் திரும்பும். பெரிய குக்கர் ஒன்று இருக்கிறதா, தட்டில் மிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தாலே அந்த வீட்டின் உணவைப் பற்றித் தெரிந்துவிடும்.

கட்டடமும் சரிவும் அடுத்த கவலை. மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடிக்கும். ஒரு வழுக்கலில் இடுப்பெலும்பு முறிந்தால், நடந்துகொண்டிருந்தவர் படுக்கையில் விழுந்துவிடுவார். படிக்குப் பதில் சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, கழிப்பறையில் பிடிகம்பி, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு ஆகியவை கட்டாயம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு தேயிலைக்குள்ளிருந்து வாசலுக்கே வரும். மாலை நடைக்கு வேலிக்குள் ஒரு சமதளப் பாதை இருந்தால் நல்லது.

2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின, சாலைகள் அடைபட்டன. அதைப் பார்த்த எவரும் இரண்டு வார மருந்தும் அரிசியும் கைவசம் இல்லாமல் மலையில் இல்லம் நடத்தமாட்டார்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் திறக்கப்பட்டிருப்பது பெரிய ஆறுதல். ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைச்சாலை. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த வண்டி, யார் ஓட்டுவார், முதலில் எந்த மருத்துவமனை என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

இல்லத்தின் தரத்தைப் பளிங்குத் தரை சொல்லாது. அங்கே இருப்பவர் காலையிலிருந்து இரவு வரை எத்தனை விஷயங்களில் தாமே முடிவெடுக்கிறார் என்பது சொல்லும்.

1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு முதியோர் காப்பகத்தில் ஆய்வு செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு" என்று சொல்லி, வளர்க்க ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஆனால் "பணியாளர்களே தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், உங்களை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, பொறுப்பு பெற்ற தளத்தில் இருந்தவர்களே கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை என்று தோன்றும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க சும்மா இருங்க பாட்டி" என்று சொன்னால் அவர் ஒரே மாதத்தில் வாடிவிடுவார். அவரிடம் நாலு கேரட் பாத்தியைக் கொடுத்துப் பாருங்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் விருப்பத்தோடு செய்தால் மருந்துக்குச் சமம். ஆனால் வேலையாள் சம்பளத்தை மிச்சப்படுத்த வற்புறுத்தி வாங்கும் வேலை அநியாயம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்பேஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: பெரியவர்கள் பராமரிக்கப்படுபவர்களாக மட்டும் இல்லாமல், அந்த இடத்தை நடத்துவதிலும் பங்கெடுக்க வேண்டும்.

குளியலும் அப்படித்தான். எந்த நேரத்தில் குளிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பெண்களைக் குளிப்பாட்டப் பெண்தான் வர வேண்டும். கதவைச் சாத்த வேண்டும், உடலைத் துண்டால் மூடியபடி பகுதி பகுதியாகக் கழுவ வேண்டும். "பாட்டி", "தாத்தா" என்று கூப்பிடுவதை விரும்பாதவர்கள் உண்டு. "டீச்சர்" என்றோ "பாய்" என்றோ ஊர் கூப்பிட்ட பெயரையே அவர் விரும்பலாம். அதையும் கேட்டுத்தான் அழைக்க வேண்டும்.

மருந்து, இரவு, மறதி

ஒவ்வொருவருக்கும் தனித்தனி மருந்துத் தாள் இருக்க வேண்டும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் கையொப்பம் மூன்றும் அதில் இருக்கும். எழுந்து நடக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பெரும்பாலான படுக்கைப் புண்களைத் தடுக்கலாம். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும்.

பகலில் நாம் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆகவே "ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். முப்பது பேருக்கு ஓர் ஆள் என்றால், அவரும் பகல் வேலை முடித்தவர் என்றால், அங்கே பெல் அடித்தும் யாரும் வரமாட்டார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்குப் பெயர் பொறித்துக் கொடுக்கப் பலர் உண்டு. இரவுப் பணியாளர் ஒருவரின் மாதச் சம்பளத்தை ஏற்பவர் குறைவு. ஆனால் உயிரைக் காப்பது அந்தச் சம்பளம்தான்.

மறதி நோய் உள்ளவர்களோடு வாதாடக் கூடாது. இறந்துபோன கணவரைக் காத்துக்கொண்டிருப்பவரிடம் ஒவ்வொரு தரமும் "அவர் மௌத்தாகி வருஷமாச்சு" என்று சொன்னால், ஒவ்வொரு தரமும் அவருக்கு அது புதுத் துக்கம். அவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்பதே நல்லது. தொழுததை மறந்து மறுபடி முஸல்லாவை விரிப்பவரை விட்டுவிடுங்கள். அவருக்குப் பெயர் மறந்து, ஊர் மறந்து, அந்தப் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இல்லத்தில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். அவரவர் வழிபாட்டுக்கு இடம் வேண்டும். நம்மவர்களுக்கு ஒளூச் செய்ய வெந்நீர், தொழ நாற்காலி, படுக்கையில் இருப்பவருக்குக் கிப்லா திசைக் குறி ஆகியவை சிறிய ஏற்பாடுகள். ரமளானுக்கு முன்பே, இன்சுலின் போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை எடுத்துச் சொல்லி மனத்தைத் தேற்றுவதும் பராமரிப்பில் சேர்ந்ததே.

பணமும் சட்டமும்

இல்லத்தில் சேர்ந்ததும் ஒருவரின் உரிமைகள் போய்விடுவதில்லை. ஓய்வூதியப் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, ஆதார் எல்லாம் அவர் கையில் அல்லது அவர் எழுதிக்கொடுத்தவர் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று இல்லமும் குடும்பமும் கணக்குச் சொல்ல வேண்டும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறவிருக்கும் உறவினரிடம் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி தருகிறது. ஆகவே தானப் பத்திரம் எழுதும் பெரியவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாதுகாக்க வேண்டியவரை எங்காவது விட்டுவிட்டுப் போவது 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். உதவிக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

இல்லம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்பதைச் சான்றிதழைக் காட்டச் சொல்லியே பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

கடைசி நாட்கள்

சென்னையில் 1978இல் சாவித்திரி வைத்தி ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். அங்கே இறந்த பலருக்கு, பிள்ளைகள் வராதபோது, அவரே முன்னின்று இறுதிக் கடன் செய்தார். ஒரு இல்லம் இங்கே வரை கூட வருமா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். தீராத நோயில் மருத்துவமனைக்கு அலைக்கழிக்க வேண்டுமா, வலி மட்டும் தணித்து இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை, பெரியவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. மௌத்தானால் எந்த ஜமாஅத்துக்குத் தகவல், குளிப்பாட்ட யார், எந்த கபரஸ்தான் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பிற மதத்தவருக்கும் அவரவர் முறைப்படி அதேபோல.

போகும்போது கேட்க வேண்டியவை

சொல்லாமல் ஒரு முறையும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறையும் போங்கள். நிர்வாகி இல்லாமல் அங்கே தங்கியிருக்கும் ஒருவரோடு தனியாகப் பேசுங்கள். இவற்றைக் கேளுங்கள்:

• பதிவுச் சான்றிதழ் உண்டா? ஆண்டுக் கணக்கைக் காட்டுவார்களா?
• இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்?
• போன ஆறு மாதத்தில் யார் யார் விழுந்தார்கள்? அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள்?
• அறையைச் சூடாக்க என்ன பயன்படுத்துகிறார்கள்?
• யாருக்காவது படுக்கைப் புண் இருக்கிறதா?
• நாங்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா?
• பெரியவருக்குப் பிடிக்காவிட்டால் திரும்ப அழைத்துப்போகலாமா?

கடைசிக் கேள்வியைப் பெரியவர் முன்னிலையிலேயே கேளுங்கள். சேர்க்குமுன் அவரையும் அழைத்துப்போய் ஒரு வேளை அங்கே சாப்பிட வையுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்று திரும்பிவிடுங்கள். சரி என்றால், அவருடைய போர்வை, டம்ளர், கண்ணாடி, தஸ்பீஹ், வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் எல்லாம் கூடப் போகட்டும். முதல் மாதம் வாரம் இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். பிறகும் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளைத் தவறவிடாதீர்கள். அவர் அன்று காலையிலிருந்தே சட்டை மாற்றி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.